எண்ணெய்க்குப் பயந்த வருடம்

லைட்ஹவுஸ் குப்பத்துக்குப் பக்கத்தில் இறால் உரிக்கும் கொட்டகையில் எனக்கு வேலை. ஒரு மதியம் மணையிலிருந்து எழ முடியவில்லை. தொடை இரண்டும் யாருடையவோபோல் கிடந்தன. உடன் வேலை செய்யும் என் நாத்தனார் ஸ்டெல்லாதான் கையைப் பிடித்துத் தூக்கினாள். அப்போது எனக்கு நாற்பத்தைந்து வயது.

அதற்கு முந்தைய ஒரு வருடமாக வயிறு சரியில்லை. வயிற்றுப்போக்கு வரும்போதெல்லாம் மருந்துக்கடையில் நானாகவே ஆன்டிபயாடிக் மாத்திரை வாங்கி விழுங்கினேன். எண்ணெய்தான் ஆகவில்லை என்று நினைத்து மீன், முட்டை, பால் எல்லாவற்றையும் விட்டேன். வெறும் கஞ்சிதான். விடிவதற்குள் கொட்டகைக்குள் நுழைந்தால் பொழுது சாய்ந்துதான் வெளியே வருவேன்.

என் கணவர் அந்தோணி பொன்னேரி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார். ரத்தத்தில் வைட்டமின் டி மிகக் குறைவு. ஆஸ்டியோமலேசியா (எலும்பில் சுண்ணாம்புச் சத்து படியாமல் மெத்தெனப் போவது) தொடங்கியிருந்தது.

"எண்ணெய அடியோட நிறுத்துனது தப்பும்மா" என்றார் மருத்துவர். "கொழுப்போட சேந்தாதான் இந்தச் சத்து உடம்புல நல்லா ஏறும்."

குடலில் வாழும் நுண்ணுயிரிகளைப் பற்றியும் சொன்னார். அவற்றில் பல நமக்கு உதவுகின்றன. கண்டபடி விழுங்கிய மாத்திரைகள் அவற்றைக் குலைத்திருக்கலாம். பொரித்ததையே தின்றாலும், வைட்டமின் டி குறைந்தாலும் அவை மாறக்கூடும்.

"இதுல இன்னும் ஆராய்ச்சி நடக்குது. அது முடியற வரைக்கும் உங்க எலும்பு காத்திருக்காது."

வாரம் ஒருமுறை மருந்துப்பொடி (அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும், கூடினால் சிறுநீரகத்துக்குக் கேடு), தினமும் கொஞ்சம் வெயில், தயிர், கொழுப்புள்ள சிறுமீன் என்று எழுதிக்கொடுத்தார்.

மீனைத் தொடவே பயந்தேன். ஸ்டெல்லா கவலை மீன் (மத்தி) குழம்போடு எதிரே உட்கார்ந்தாள். "ஒரே ஒரு துண்டு துன்னு அண்ணி. வவுறு போச்சுன்னா துணிய நான் தொவைக்கிறேன்."

இரண்டு தடவை துவைத்தாள், முகம் சுளிக்காமல். மூன்றாவது தடவை தேவைப்படவில்லை.

எட்டு மாதமாயிற்று. முன்பு நின்றபடியே நாலு வாயில் சாப்பாட்டை முடிப்பேன். இப்போது அந்த வேளை நீண்டுவிட்டது. குடலில் அத்தனை உயிர்கள் இருக்க, இந்த உடம்பில் நான் தனியாக இல்லை என்று தெரிந்த பிறகு, அவசரப்பட மனம் வருவதில்லை.

நேற்று ஏரியில் மீன்பிடித்துத் திரும்பிய அந்தோணி, "இன்னா, சாப்ட்டியா?" என்றார்.

"சாப்ட்டோம்" என்றேன்.

பொன்னேரியில் எல்லாவற்றையும் கூட இருந்து கேட்டவர் அவர். சிரித்துக்கொண்டே கை கழுவப் போனார்.