மாட்டுக்கென்று ஒதுக்கிய மூட்டை

கள்ளக்குறிச்சியில் மாதா கோயிலை ஒட்டிய சரக்கு அறையில் உபகாரமேரியிடம் யாரும் வாலாட்ட முடியாது. உளுந்தூர்பேட்டையில் ஒரு பெரிய மளிகைக் கடை, விற்காமல் மிஞ்சியதை வாரம் ஒருமுறை தானமாக அனுப்பும். அதைத் தரம் பிரித்து, கரியாலூர்ப் பக்கத்து மலைக் குடும்பங்களுக்கு அனுப்புவது அவள் வேலை. உப்பிய டப்பா, எலி கடித்த பை, தேதி கடந்த பாக்கெட், எதுவும் அவள் கண்ணுக்குத் தப்பாது. கழித்தவற்றின் தேதி மேல் கறுப்பு மையால் ஒரு வட்டம் போட்டு ஓரமாகக் கட்டி வைப்பாள்.

கழித்ததைக் கிழித்துத் தண்ணீர் ஊற்றிவிட வேண்டும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். அதற்கு மட்டும் அவளுக்கு மனசு வரவில்லை. சாப்பிடுகிற பொருளாயிற்றே.

"கிழிக்காதீங்க அண்ணி. எங்க மாட்டுக்கு ஆவும்," என்றான் மலைக்குச் சரக்கு வேன் ஓட்டும் கொழுந்தன் வியாகுலம். புருஷன் போனபிறகு அவளுக்குத் துணையாக நின்றவன் அவன் ஒருவன்தான். நான்கு வருஷமாக அந்த மூட்டையை அவளே தூக்கி வேனில் வைத்தாள்.

மழைக்காலம் வந்தது. ஈரத்தரையில் மாவு மூட்டையை வைக்காதீர்கள் என்று சொல்லிவிட்டு வர, ஒருநாள் பஸ் பிடித்து மலைக்குப் போனாள். முதலில் போனது ஆண்டாள் வீட்டுக்கு. அவளுடைய இரண்டு வயசுப் பெண் கோரைப்பாயில் துவண்டு கிடந்தது. மூன்று நாளாக வயிற்றுப்போக்கு, முந்தின நாள்தான் ஆஸ்பத்திரியிலிருந்து தூக்கி வந்திருந்தார்கள்.

"கொழந்திக்கு இன்னாம்மா குடுத்தே?"

"நீங்க அனுப்புன சத்துமாவுதாங்க."

பாக்கெட்டை வாங்கிப் பார்த்தாள். தேதி இருக்கவேண்டிய இடம் வெளுத்திருந்தது. பக்கத்தில் கறுப்பு மை கொஞ்சம் ஒட்டியிருந்தது. மோந்து பார்த்தாள். பெட்ரோல்.

மேட்டில் ஏறி, டவர் கிடைக்கும் இடத்தில் நின்று வியாகுலத்துக்குப் போன் போட்டாள்.

"மாட்டுக்குன்னுதானே வாங்கிக்கினு போனே?"

"மண்ணுக்குப் போறது ஒரு வயித்துக்குப் போவட்டுமேன்னு குடுத்தேன் அண்ணி. மலைச்சனம் தேதியா பாக்குது? ஒரு மூட்ட ஜாஸ்தி எறக்குனா எவ்ளோ சந்தோசப்படுதுங்க தெரியுமா?"

"தேதி பாக்காதவங்களுக்கு எதுக்குடா தொடச்சே?"

போனை வைத்தாள். கூடவே இருந்து கழுத்தறுத்துவிட்டானே என்று அவளுக்கு வயிறு எரிந்தது. அதைவிட, பாக்கெட்டைக் கிழிக்காத தன் கைமேல்தான் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

திரும்பி வந்து ஆண்டாளிடம் ஒளிக்காமல் சொன்னாள். "நான் கழிச்சு வெச்சதும்மா அது. வண்டிக்காரன் கொண்டாந்து குடுத்துட்டான். நான் கிழிச்சுப் போட்டிருக்கணும்."

ஆண்டாள் உள்ளே போனாள். அரிசி, பருப்பு, எண்ணெய் என்று வீட்டில் இருந்த தான சாமான் அத்தனையும் எடுத்து வந்து உபகாரமேரியின் காலடியில் வைத்தாள்.

"இதெல்லாம் நல்லதும்மா. ஒண்ணொண்ணும் நானே பாத்து அனுப்புனது."

"அந்த மாவையும் அப்டி சொல்லித்தாங்க குடுத்தாரு."