முன்னுரை இல்லாத புத்தகம்

சபையில் எல்லோரும் அவரை டைப் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். சபையின் மாதப் பத்திரிகைக்கு இருபத்தாறு வருடம் தட்டச்சு செய்தவர். பத்திரிகையின் கடைசி இரண்டு பக்கம் சாட்சிப் பக்கம். கடவுள் தங்களுக்குச் செய்த நன்மையை ஜனங்கள் எழுதி அனுப்புவார்கள். கட்டி கரைந்தது, வேலை கிடைத்தது, கோபித்துக்கொண்டு போன மருமகள் திரும்பி வந்தாள். டைப் அக்கா எழுத்துப் பிழை திருத்தி, ஆச்சரியக்குறிகளில் பாதியைக் குறைத்து அச்சுக்கு அனுப்புவார். ஒருவர் ஒரே கடிதத்தில் பதினேழு ஆச்சரியக்குறி போட்டிருந்தார். போனால் போகிறதென்று அவருக்கு நாலு விட்டுக்கொடுத்தார்.

அவருடைய கணவர் நீதிமன்றத்தில் வழக்குக்கு வந்தவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிடும் சேவகர். அவர் கூப்பிட்டால் தெருவில் தேநீர் குடித்துக்கொண்டிருப்பவன் கோப்பையை வைத்துவிட்டு ஓடி வருவான். வீட்டில் "உப்பு எங்கே?" என்று கேட்டால் பக்கத்து வீட்டில் தேடுவார்கள். ஐம்பத்து மூன்றாம் வயதில் ஒரு காலை, முகம் கழுவப் போனவர் விழுந்தார். பக்கவாதம். வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் போய்விட்டன. அதற்குப் பிறகு பதினோரு வருடம் இருந்தார்.

பிள்ளைகள் இல்லை. குளிப்பாட்டுவது, ஊட்டுவது, இரண்டு மணிக்கொருமுறை புரட்டிப் படுக்கவைப்பது எல்லாம் டைப் அக்காதான். தினமும் காலையில் கட்டிலருகே உட்கார்ந்து வேதம் வாசித்து, ஒரே ஒரு வார்த்தையாவது இவர் வாயில் வர வேண்டும் என்று ஜெபிப்பார். ஏழாவது வருடம் ஒரு நாள், அவர் வாசித்துக்கொண்டிருக்கும்போதே கணவர் இடது கையை நீட்டி வேதத்தை மூடினார். கோபமாக இல்லை. சாப்பிட்டது போதும் என்று தட்டை நகர்த்துகிற மாதிரி மூடினார். மறுநாளும் மூடினார். மூன்றாம் நாள் டைப் அக்கா சமையலறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் ஜெபித்தார். மிச்சம் நாலு வருடமும் அங்கேதான் ஜெபம். இதை யாரிடமும் சொல்லவில்லை. கணவர் ஒரு வார்த்தையும் பேசாமலே இறந்துபோனார்.

அதற்கப்புறமும் ஆறே முக்காலுக்குத் தானாக விழிப்பு வந்தது. எழுந்து உட்கார்ந்தால், புரட்டிப் போட ஆள் இல்லை. கைகளை என்ன செய்வதென்று தெரியவில்லை. ஒரு நாள் கணினி முன்னால் உட்கார்ந்து கைகளுக்கு வேலை கொடுத்தார். பதினான்கு மாதத்தில் நூற்றுப் பன்னிரண்டு பக்கம் வந்தது. 'பதினோரு வருட ஜெபம்' என்று பெயர் வைத்தார்.

சபையின் பதிப்புக் குழு வருடத்துக்கு நாலு புத்தகம் போடும். போதகர் பிரதியை வாங்கி, ஒரே வாரத்தில் படித்துவிட்டு அவரைக் கூப்பிட்டார். நல்ல மனிதர். நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டார்.

"அருமையா எழுதியிருக்கீங்க சிஸ்டர். படிச்சிட்டு எனக்கே கண்ணு கலங்கிடுச்சு. ஆனா முடிவுல ஒண்ணுமே நடக்கலையே?"

"நடக்கலை பாஸ்டர்."

"கடைசி நாள்ல அவர் கண்ணுல ஒரு சமாதானம் தெரிஞ்சுதுன்னு ஒரு பத்தி போடலாமே. உதடு அசைஞ்ச மாதிரி இருந்துச்சுன்னு..."

"தெரியலை பாஸ்டர். அசையவும் இல்லை. நான் பக்கத்துலதான இருந்தேன்."

போதகர் மேசைமேல் இருந்த கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார், கழற்றினார். "அந்த வேதத்தை மூடுற இடம்... அதை எடுத்துட்டா குழுவுல நான் பேசிப் பார்ப்பேன்."

"அதை எடுத்துட்டா அப்புறம் நான் எதுக்கு இதை எழுதினேன்?"

முன்னுரை மட்டுமாவது தருவீர்களா என்று கேட்டார். ஜெபித்துவிட்டுச் சொல்கிறேன் என்றார் போதகர். அந்தப் பதிலின் அர்த்தம் டைப் அக்காவுக்குத் தெரியும். எத்தனையோ பேருக்கு அதே பதிலைத் தட்டச்சு செய்து அனுப்பியவர் அவர்தான்.

ஆகவே தானே பதிப்பிப்பது என்று முடிவு செய்தார். அச்சகக்காரர் நீட்டிய படிவத்தில் ஆசிரியர், வெளியீட்டாளர், மெய்ப்புத் திருத்தியவர், புத்தகம் கிடைக்குமிடம் என்று நாலு கட்டம். நாலிலும் தன் பெயரையே எழுதினார்.

அச்சகக்காரர் படித்துவிட்டுச் சிரித்தார். "ஏம்மா, எல்லாத்துலயும் நீங்களேவா? வாசகர்னு ஒரு கட்டம் இருந்தா அதுலயும் உங்க பேரைத்தான் போடுவீங்க போல."

டைப் அக்காவும் சிரித்தார். தெருவில் இறங்கி நடக்கும்போதுதான் அது சுருக்கென்று தைத்தது.

அட்டைக்கு அச்சகத்தில் புறாவும் சூரியக் கதிரும் போட்டு அனுப்பினார்கள். புறாவை எடுக்கச் சொன்னார். கதிரை எடுக்கச் சொன்னார். கடைசியில் வெறும் சாம்பல் நிறமும் எழுத்தும் நின்றன. மெய்ப்பு பார்க்க இரண்டு பேர் வேண்டும், ஒருவர் வாசிக்க, ஒருவர் பார்க்க. அவரே சத்தம் போட்டு வாசித்து அவரே பார்த்தார். சுவரைத் தவிர வேறு யாரும் கேட்கவில்லை.

முந்நூறு பிரதிகள் ஆறு பெட்டிகளில் வந்து, கட்டில் கிடந்த அறையில் இறங்கின. மேல் பெட்டியைப் பிரித்து ஒன்றை எடுத்தார். அட்டை சரி. முதல் பக்கத்தைத் திருப்பினார். அங்கே பெரிய எழுத்தில், 'பதினோரு வருட ஜெயம்.'

இருபத்தாறு வருடம் ஊராருடைய பிழையெல்லாம் திருத்தியவர், சொந்தப் புத்தகத்தின் பெயரிலேயே கோட்டை விட்டிருந்தார்.

போதகரிடம் காட்டியபோது அவர் முகம் மலர்ந்துவிட்டது. "இப்படியே இருந்துட்டுப் போகட்டுமே சிஸ்டர். நல்லாத்தானே இருக்கு!"

டைப் அக்கா வீட்டுக்கு வந்து சவரப் பிளேடு ஒன்றை எடுத்தார். காகிதம் கிழியாமல் 'ய'வின் நடுக்கோட்டை மட்டும் சுரண்டி, கறுப்பு மையால் 'ப' ஆக்கினார். ஒரு நாளைக்கு இருபது பிரதி. கழுத்து பிடித்துக்கொண்டது. பதினைந்து நாளில் முந்நூறையும் முடித்தார்.

வெளியீடு என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பக்கத்துக் கூடத்தில் மேசை போட்டு உட்கார்ந்தார். அன்றைக்குப் பார்த்து ஒரு கல்யாண விருந்து. கைகுலுக்கிவிட்டு எல்லோரும் அங்கே போனார்கள். ஒன்பது பேர் வாங்கினார்கள். அதில் மூன்று பேர் சமையல் குறிப்புப் புத்தகம் இருக்கிறதா என்றும் கேட்டார்கள்.

பத்தாவதாக வந்தவள் கணவருடைய தங்கை. ஞாயிறுதோறும் மதியம் டைப் அக்காவுக்கு வரும் ஒரே போன் அவளுடையது. ஊரின் மறு கோடியில் குடியிருந்தாலும் அன்று இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். அங்கேயே நின்றபடி புரட்டினாள். அறுபத்தோராம் பக்கத்தில் அவள் விரல் நின்றது.

"அண்ணன் வேதத்தை மூடினாரா?"

"ஆமாம்மா."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்களா அண்ணி? வாராவாரம் பேசினோமே."

"சொல்ல வாய் வரலை."

"எங்கிட்ட வாய் வராது, அச்சடிக்க மட்டும் வருமா? செத்துப்போனவர் எழுந்து வந்து இல்லைன்னு சொல்லப் போறாரா? நாளைக்கு இந்தச் சபையில எங்க குடும்பத்தை எப்படிப் பார்ப்பாங்க?"

புத்தகத்தை மேசையில் வைத்தாள். வைத்தாள் என்பதைவிட விட்டாள். வெளியே போய்விட்டாள். டைப் அக்கா எழுந்து பின்னால் போகவில்லை. போயிருக்கலாம் என்று பிறகு பல நாள் நினைத்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு போன் வரவில்லை. அவரே கூப்பிட்டார், எடுக்கவில்லை. சபையில் யாரும் ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை. புத்தகத்தைப் பற்றியே பேசவில்லை. பத்திரிகை வேலையை ஓர் இளம்பெண்ணிடம் கொடுத்துவிட்டார்கள், "நீங்க ரெஸ்ட் எடுங்க அக்கா" என்று. பெட்டிகள் இருந்த அறையில் விளக்கைப் போட்டுவிட்டுக் காரணமில்லாமல் சற்று நேரம் நிற்பார், பிறகு அணைப்பார்.

ஐந்து மாதம் கழித்து, பத்துப் பிரதிகளைப் பையில் போட்டுக்கொண்டு, கணவரை முன்பு கூட்டிப்போன ஆஸ்பத்திரியின் பிசியோதெரபி பிரிவுக்குப் போனார். காத்திருக்கும் கூடத்தில் வைத்துவிட்டுப் போகலாமா என்று வரவேற்பில் கேட்டார். பழைய பத்திரிகைகளோடு வைக்கச் சொன்னார்கள். வைத்துக்கொண்டிருக்கும்போது, சக்கர நாற்காலியில் மனைவியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒருவர் கேட்டார்.

"நீங்க எழுதினதா? என்ன புத்தகம்?"

"என் வீட்டுக்காரருக்குப் பேச்சு போயிடுச்சு. அதைப் பத்தினது."

"கடைசியில குணமாயிடறாரா?"

"இல்லைங்க."

அவர் மனைவியின் தாடையைத் துடைத்துவிட்டு, துண்டை மடித்தார். "குணமானவங்க புத்தகமா ஏழெட்டுக் கொண்டாந்து குடுத்துட்டாங்க. இதைக் குடுங்க."

பெயரும் சொல்லவில்லை, விலாசமும் கேட்கவில்லை. மனைவியின் முறை வந்ததும் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். புத்தகம் அவர் கக்கத்தில் இருந்தது. டைப் அக்கா திரும்பி வரும்போது பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டு இரண்டு நிறுத்தம் தள்ளி இறங்கினார். அதற்குப் பிறகு மாதம் ஒருமுறை அங்கே பத்துப் பிரதி வைத்தார். யார் எடுக்கிறார்கள் என்று பார்க்க நிற்பதில்லை. மறுமாதம் போனால் இரண்டோ மூன்றோ மிச்சம் இருக்கும்.

வருடம் முடியும் சமயம், ஒரு ஞாயிறு மதியம் போன் அடித்தது. நலமா என்ற விசாரிப்புகூட இல்லை.

"ஏழாம் பக்கத்துல, விழுந்த அன்னைக்கு அண்ணன் நீலச் சட்டை போட்டிருந்தார்னு எழுதியிருக்கீங்க."

"ஆமா."

"நீலம் இல்லை, பச்சை. நான்தான எடுத்துக் குடுத்தேன் அந்தச் சட்டையை."

"நீ குடுத்தது பச்சைதான். அன்னைக்கு அதைப் போடலை. நீலம்தான் போட்டிருந்தார். நான்தான தூக்கினேன்."

"பச்சை அண்ணி."

"நீலம்மா."

"புத்தகம் எழுதிட்டா எல்லாம் தெரிஞ்சிடுமா?" என்று போனை வைத்துவிட்டாள்.

புத்தகத்தை எங்கே வாங்கினாள், எப்போது படித்தாள், எதுவும் சொல்லவில்லை. டைப் அக்கா பீரோவைத் திறந்து பார்த்தார். சட்டைகளையெல்லாம் எப்போதோ கொடுத்தாகிவிட்டது. நீலமோ பச்சையோ, இனி ஒரு சாட்சியும் கிடையாது.

அடுத்த ஞாயிறு மதியம் போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறு வந்தது.