ஒன்பது வெள்ளிக்கிழமைகள்

என் வேலை என்னவென்று கேட்பவர்களுக்குச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. ஒரு ஏஐ ஏஜென்ட் இருக்கிறது. வேலையில் தெரிந்துகொள்வதையெல்லாம் அது குறிப்பாக எழுதி வைத்துக்கொள்ளும். அந்தக் குறிப்புகளை நான் பார்த்துக்கொள்கிறேன். ஒரு வரி மாறினால் யார் மாற்றச் சொன்னது, எப்போது, என்ன காரணம் என்று மூன்றும் பதிவாக வேண்டும். தப்பாக மாறியிருந்தால் பழைய நிலைக்குத் திருப்ப வேண்டும். புரோகிராம் எழுதுகிறவர்கள் தங்கள் கோடுக்குச் செய்வதை நான் ஒரு இயந்திரத்தின் ஞாபகத்துக்குச் செய்கிறேன், பழனிசெட்டிபட்டியில் மாடி அறையில் உட்கார்ந்தபடி. "அது மறந்துபோனா உனக்கென்ன?" என்று அப்பா கேட்பார். எனக்கு ஒன்றுமில்லைதான். சம்பளம் கொடுக்கிறார்கள், பார்க்கிறேன்.

இந்த லட்சணத்தில் அதே வேலையை வீட்டுக்கும் இழுத்துவிட்டுக்கொண்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஜெயமங்கலம் பக்கத்தில் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் ஒரே கிணறு, ஆளுக்குப் பாதி. திங்கள், செவ்வாய், புதன் சித்தப்பாவின் முறை. வியாழன், வெள்ளி, சனி அப்பாவின் முறை. ஞாயிற்றுக்கிழமை கிணறு ஊறட்டும் என்று விட்டுவிடுவார்கள். அப்பாவுக்குத் தென்னை, சித்தப்பாவுக்கு வாழை. இருவருக்கும் ஆறு வருடமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. என் தம்பி கல்யாணப் பத்திரிகையில் சித்தப்பா பெயர் விட்டுப்போனது. அச்சாபீஸ்காரன் தப்பு என்பார் அப்பா. புரூஃப் பார்த்தது யார் என்பார் சித்தப்பா. பார்த்தது அப்பாதான். அதை அவர் வாயால் ஒப்புக்கொண்டிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும்.

இருவருக்கும் நடுவில் சேதி சொல்லிக்கொண்டிருந்த தோட்டத்துக் காவல்காரர், "ரெண்டு பேர் ஏச்சையும் கேக்குறதுக்கு என்னால ஆகாது தாயி" என்று நின்றுகொண்டார். அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. மோட்டாருக்குப் போனிலிருந்தே ஓடவிடும் ஸ்டார்ட்டர் ஏற்கெனவே இருந்தது. ஒரு சின்ன ஏஜென்ட்டை அதோடு சேர்த்துவிட்டேன். இருவரும் அதற்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பலாம். அது முறையை ஞாபகம் வைத்துக்கொண்டு மோட்டாரைப் போடும். எதை மாற்றச் சொன்னாலும் "என்ன காரணம்?" என்று கேட்கும்படி வைத்தேன், ஆபீஸ் பழக்கத்தில்.

அப்பா துருவித் துருவிக் கேட்டார்.

"நாம சொல்றத எழுதி வச்சுக்கிருமா?"

"வச்சுக்கிரும்ப்பா."

"பின்னாடி மாத்திச் சொன்னா முன்ன சொன்னது போயிருமா?"

"எதுவும் போகாது. யார் சொன்னது, எப்பச் சொன்னது, ஏன் சொன்னது எல்லாம் உள்ள இருக்கும். எப்ப வேணாலும் எடுத்துப் பாக்கலாம்."

தலையை ஆட்டிக்கொண்டார். வயசானவர்களின் வழக்கமான சந்தேகம் என்று நான் அதை அப்படியே விட்டுவிட்டேன்.

கொஞ்ச நாள் நன்றாகத்தான் போனது. "மடைய அடைக்காமப் போயிருக்காக, என் வாழைக்குள்ள தண்ணி நிக்கிது, நல்லா நாலு வார்த்த கேளு" என்று சித்தப்பா கத்துவார். "மடையை அடைக்கும்படி கேட்டுக்கொள்கிறார்" என்று அது அப்பாவிடம் சொல்லும். எங்கள் குடும்பத்தில் அவ்வளவு மரியாதையாக யாரும் பேசிக் கேட்டதில்லை.

போன பங்குனியில் கிணற்றில் தண்ணீர் இறங்கிவிட்டது. ஒருநாள் மத்தியானம் வேலைக்கு நடுவில் சும்மா அந்த மாற்றங்களின் வரலாற்றைத் திறந்து பார்த்தேன். ஒரு பதிவு இருந்தது. மாற்றம்: இந்த வெள்ளி தண்ணீர் தம்பிக்கு. சொன்னவர்: அண்ணன். காரணம்: 'வாழை குலை தள்ளுற நேரம். தென்னை பொறுத்துக்கிரும். நான் சொன்னதா அவன்கிட்டச் சொல்லிறாத.' அடுத்த வாரமும் அதேபோல் ஒன்று. வைகாசி பாதிக்குள் அப்படி ஒன்பது வெள்ளிக்கிழமைகள். சித்தப்பாவுக்கு "இந்த வெள்ளி தண்ணீர் உங்களுக்கு" என்று மட்டும்தான் போயிருந்தது. கரண்டு போன நேரத்துக்கு ஈடாக வந்தது என்று அவர் நினைத்திருக்க வேண்டும். நான் மூச்சுவிடவில்லை. கேட்டால் இந்த மனுஷர் அதோடு நிறுத்திவிடுவார் என்று பயம்.

அதற்குள் அந்தக் குறிப்புகள் குப்பையாகிவிட்டன. 'இந்த வாரம் மட்டும்', 'அது வேண்டாம், பழையபடி', 'நாளைக்குப் பாதி நேரம்' என்று நூறு வரி சேர்ந்ததில் ஏஜென்ட்டே குழம்பி, ஒரு திங்கட்கிழமை தென்னைக்குத் தண்ணீரை விட்டுவிட்டது. இந்தப் பக்கம் அப்பா, அந்தப் பக்கம் சித்தப்பா, காதில் ஆபீஸ் மீட்டிங். எனக்குப் பொறுக்கவில்லை. என்னிடம் வேலை பழகுகிறவர்கள் செய்தால் நான் கிழி கிழியென்று கிழிக்கிற காரியத்தை நானே செய்தேன். கடைசி நிலையை மட்டும் வைத்துக்கொண்டு, அதற்கு முன்னால் இருந்த வரலாறு மொத்தத்தையும் ஒரே பதிவாகச் சுருட்டி, மிச்சத்தை அழித்தேன். ஏஜென்ட் படிப்பது இன்றைய குறிப்பை மட்டும்தான். அதைச் சுருக்கியிருந்தால் போதும், வரலாற்றில் கைவைக்க வேண்டிய அவசியமே இல்லை. தெரியும். தெரிந்துதான் செய்தேன், அவ்வளவு அசதி. ஆபீஸ் என்றால் வேறொரு நகல் இருக்கும். இது வீட்டு விஷயம், என் லேப்டாப்பில் மட்டும்தான் இருந்தது. அப்பா போனில் இடமில்லை என்று மாதத்துக்கொரு முறை வாய்ஸ் மெசேஜ்களை அழித்துக்கொடுக்கிற புண்ணியவதியும் நான்தான்.

ஆவணியில் ஒருநாள், அப்பா டீக்கடைக்குப் போகிற நேரம் பார்த்து, சித்தப்பா பஸ்ஸேறி வந்தார்.

"தோட்டத்த வித்துரலாம்னு இருக்கேன் ஆத்தா. வர்ற ஞாயித்துக்கிழம பாக்க வர்றாக. பாதிக் கிணறோட குடுத்துருவேன். உன்கிட்ட ஒரு வார்த்த சொல்லணும்ல."

பாதிக் கிணறு வேற்றாள் கைக்குப் போனால் அதற்கப்புறம் அண்ணன் தம்பி சண்டை போட்டுக்கொள்ளக்கூட ஒரு காரணம் மிஞ்சாது.

"ஏன் சித்தப்பா இப்பிடி?"

"ஆறு வருசமாச்சு. வாழை காஞ்சு நின்னப்ப உங்கப்பா ஒரு வாளித் தண்ணி விட்டிருப்பாகளா? அந்த மனுசனோட என்னத்துக்கு ஒரே கிணத்துல கெடக்கணும்?"

"விட்டாக சித்தப்பா. ஒம்பது வெள்ளிக்கிழம அப்பா தன் முறைய உங்களுக்கு விட்டாக. உங்ககிட்டச் சொல்ல வேணாம்னுட்டாக."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "காட்டு."

லேப்டாப்பைத் திறந்தேன். ஒரே ஒரு வரி இருந்தது. மாற்றம்: பழையவை எல்லாம் சுத்தம் செய்யப்பட்டன. சொன்னவர்: நான். காரணம் என்ற இடத்தில் ஒரு புள்ளி வைத்திருந்தேன். யோசிக்க அலுப்பு.

"அப்பனுக்கு ஏத்த மக" என்று சொல்லிவிட்டு அவர் எழுந்து போய்விட்டார். காப்பிகூடக் குடிக்கவில்லை.

அப்பா வந்ததும் நடந்ததைச் சொன்னேன். நீங்களே அவரிடம் சொல்லுங்கள் என்றேன்.

"நான் என்னத்துக்குச் சொல்லணும்? அதுல எழுதியிருக்கும்ல. நான் போன பொறகு என்னைக்காச்சும் அவன் எடுத்துப் பாக்கட்டும்னுதான அதுகிட்டச் சொன்னேன்."

"அழிச்சுட்டேன்ப்பா."

"எது சொன்னாலும் போகாதுன்னியே?"

திட்டியிருந்தாலாவது பரவாயில்லை. அவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஏஜென்ட்டிடம் பேச ஆரம்பித்தார். "எழுதிக்க. பங்குனி ரெண்டாவது வெள்ளி. குலை தள்ளுற நேரம், அதான் அவனுக்கு விட்டேன். பங்குனி மூணாவது வெள்ளி. அவன் முறையில கரண்டு பத்தல..." ஒன்பதையும், ஒவ்வொன்றுக்கும் காரணத்தோடு, ஒரு இடத்தில்கூடத் தடுமாறாமல் சொன்னார். நான் அழித்ததையெல்லாம் அந்த மனுஷர் மனசில் வைத்திருந்திருக்கிறார்.

ஆனால் ஒன்பது பதிவிலும் அன்றைய தேதிதான் விழுந்தது. என் வேலையில் யாராவது இப்படி ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினால், இன்றைக்கு உட்கார்ந்து ஜோடித்தது என்று தூக்கிப் போட்டுவிடுவேன். சித்தப்பாவும் அதைத்தான் சொல்வார் என்று அப்பாவிடம் சொன்னேன்.

"சொன்னாச் சொல்லட்டும். அனுப்பு. நான் சொன்னேன்னு சொல்லு."

அனுப்பினேன். இரண்டு நீல டிக் விழுந்தது. பதில் இல்லை. அந்த வாரம் முழுக்க அப்பா சரியாகச் சாப்பிடவில்லை. நான் ஆபீஸில் யார் யாருடைய குறிப்புகளையோ பழைய நிலைக்குத் திருப்பிக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை சித்தி போன் செய்தார். "ஞாயித்துக்கிழம வர்றவுகள வர வேணாம்னுட்டாக. என்ன ஏதுன்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்கிறாக." கேட்டதும் சந்தோஷம் வரும் என்று பார்த்தால் அசதிதான் வந்தது. அப்படியே நாற்காலியில் சாய்ந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் வரலாற்றில் புதிதாக ஒரு பதிவு இருந்தது. அப்பாவைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன். மாற்றம்: பங்குனி மூணாவது வெள்ளி இல்ல, அன்னைக்குக் கரண்டே கெடையாது. மறுநா சனிக்கிழமதான் தண்ணி வந்துச்சு. சொன்னவர்: தம்பி.

"ஆமால்ல, சனிதான்" என்றார் அப்பா. பிறகு கேட்டார், "காரணம் என்னன்னு போட்டிருக்கு?"

வாசித்தேன். "அன்னைக்கு மடையில நின்னது நான்தான். தண்ணி வருதான்னு அண்ணன் வரப்புல வந்து பாத்துட்டுப் போனாக. நானும் பாத்தேன்."