புதன்கிழமை மதியம்

மேசை மேலிருந்த சின்னக் கண்ணாடிப் பெட்டியை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்தாள் அந்தப் பெண். வாசம் மூக்கில் ஏறிய நொடியில் எனக்கு வயது ஏழாகிவிட்டது. அசல் வயது நாற்பத்து நாலு. பாஸ்போர்ட்டுக்கு ரேகை எடுக்கும் அறையில், காலையிலிருந்து வரிசையில் நின்று கால் கடுத்துப்போய் உட்கார்ந்திருந்தேன். "பத்து விரலையும் வைங்க, அமா" என்றாள் பர்மியத்தில். அமா என்றால் அக்கா. பத்துக்கு நான் எங்கே போவேன், நீங்களே சொல்லுங்கள்.

என் வலது கையில் கட்டைவிரல் மட்டும்தான் தனி. மற்ற நாலும் பிறவியிலேயே குட்டையாக, ஒன்றோடொன்று ஒட்டி, பிடிகொழுக்கட்டை மாதிரி இருக்கும். பள்ளிக்கூடத்தில் எனக்கு அதுதான் பெயர். பிள்ளையார் சதுர்த்தி வந்தால் நான் லீவு போட்டுவிடுவேன்.

ஸ்பிரிட் வாசம் எங்கள் சயாவின் அறை வாசம். இந்த ஊரில் வாத்தியார், வைத்தியர் எல்லோரும் சயாதான். பபேடான் கடைவீதியில் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடியில் அவர் அறை. கீழே சமோசாக் கடை. படி முழுக்க எண்ணெய் வாசம், கதவைத் திறந்தால் ஸ்பிரிட். இன்றைக்கும் சூடாக ஒரு சமோசாவைக் கடித்தால், அடுத்து ஊசி குத்துவார்களோ என்று தோள் சுருங்கும்.

சயா என் கையை எடுத்து மடியில் வைத்து, நெடுநேரம் அமுக்கிப் பார்த்தார். பிறகு அப்பாவிடம் சொன்னார். "உள்ளே நாலு விரலும் தனித்தனியாத்தான் இருக்கு. பிரிச்சு, தொடையிலேருந்து தோல் எடுத்து வச்சுத் தச்சிடலாம். பேனா பிடிப்பா. சின்ன வயசுல செஞ்சாத்தான் விரல் வளையும்." வாரத்தில் ஒரே நாள், புதன்கிழமை மதியத்துக்கு மேல்தான், ஆபரேஷன் அறை அவருக்குக் கிடைக்கும். தேதியை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

சனியன் அங்கேதான் பிடித்தது. எங்களைப் போன்ற வீடுகளில் சுவரில் இரண்டு காலண்டர் தொங்கும், ஒன்று தமிழ், ஒன்று பர்மியம். கல்யாணம், காதுகுத்து எதுவானாலும் இரண்டும் சம்மதிக்க வேண்டும். தமிழ்க் காலண்டரில் புதன் பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரை ராகு காலம். பர்மியக் கணக்கிலோ புதன்கிழமை இரண்டு துண்டு. காலை புதனுக்கு, மதியத்துக்கு மேல் முழுக்க ராகுவுக்கு. போதாததற்கு நான் பிறந்ததும் ஒரு புதன் மதியம்தான்.

அப்பா போட்டாதாங் படகுத்துறையில் மூட்டை இறக்கும் ஆட்களுக்கு மேஸ்திரி. யாருக்கும் பயப்படாத மனுஷன். ராகு என்றால் மட்டும் நாக்கு உலர்ந்துவிடும். "அந்த வேளைதான் புள்ள கையைக் கெடுத்துச்சு. அதே வேளையில போயிக் கத்தி வைக்கிறதா?" என்பார். அம்மா விடமாட்டாள். "எப்பப் பாரு ராகு, ராகு! அவன் என்ன உங்ககூட மூட்டையா தூக்குறான்? எம்புள்ள வலது கையால சோறு திங்கணும்."

பரிகாரம் கேட்க அப்பா என்னைப் படகில் ஆற்றுக்கு அக்கரையிலிருக்கும் டாலாவுக்குக் கூட்டிப்போனார். அங்கே ஒரு ஜோசியர். படகில் வாங்கித் தந்த அவித்த கடலையை எனக்கு உரிக்க வராது. அப்பாவே உரித்து, ஊதி, என் இடது உள்ளங்கையில் வைத்துக்கொண்டே வந்தார். அந்தக் கடலையின் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது. ஜோசியர் சொன்னது ஞாபகமில்லை. அப்பாவுக்குத் திருப்தியாகவில்லை என்பது மட்டும் தெரியும்.

முதல் புதனை அப்பா வேண்டாமென்றார். சயா வேறு புதன் எழுதினார், அதையும் அப்பா பென்சிலால் அடித்தார். மூன்றாவது தடவை அம்மா அழுது ஆர்ப்பாட்டம் செய்து, என்னைக் குளிப்பாட்டி, புதுக் கவுன் போட்டு அனுப்பினாள். ஆஸ்பத்திரி வாசல் வரை போய்விட்டோம். உள்ளே கடிகாரத்தில் மணி பன்னிரண்டே கால். அப்பாவின் பிடி இறுகியது. "அடுத்த புதன் பாத்துக்கலாம், பாப்பா" என்று என்னைத் தூக்கிக்கொண்டு திரும்பிவிட்டார். எனக்கு அன்றைக்குச் சந்தோஷம், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அடுத்த புதன் வருவதற்குள் சயா வெளிநாட்டில் வேலை கிடைத்துப் போய்விட்டார்.

அப்பாமேல் எனக்குக் கோபம் உண்டு. அவர் செத்து ஒன்பது வருஷமாகியும் தீரவில்லை. கடலையை நினைத்தால் அழுகையும் வருகிறது.

பிறகு நானாக ஒரு வழி கண்டுபிடித்தேன். இந்த ஊரில் மரியாதையாக ஒன்றைக் கொடுப்பதென்றால் ஒரு கை நீட்டும், மறு கை முழங்கையைத் தாங்கும். நான் இடது கையால் நீட்டி, கொழுக்கட்டையை முழங்கைக்கு அடியில் சொருகிக்கொள்வேன். பபேடான் ஜவுளிக் கடையில் இருபது வருஷம் லுங்கித் துணி அளந்து கிழித்து, மடித்து, அப்படித்தான் கொடுத்தேன். "என்ன பணிவான பொண்ணு!" என்பார்கள். பணிவாவது ஒன்றாவது. எல்லாம் ஒளித்து வைக்கிற பழக்கம்.

இப்போது அந்த இடது கையும் மக்கர் செய்கிறது. ராத்திரியெல்லாம் மரத்துப்போகிறது. கடையில் கத்தரிக்கோல் நழுவி விழுகிறது. "ரெண்டு கை வேலையை ஒரு கை எத்தனை நாளைக்குப் பாக்கும்?" என்றார் இப்போதைய டாக்டரம்மா. மூன்று வழி சொன்னார். ஒன்று, ரப்பரில் செய்த கை. பார்க்க லட்சணமாக இருக்கும், ஒன்றையும் பிடிக்காது. இரண்டு, இப்படியே விட்டுவிட்டு இடது கைக்கு ஓய்வு. ஓய்வு கொடுத்தால் சோற்றுக்கு வழி? மூன்றாவது, இந்த வயதிலும் விரலைப் பிரிப்பது. பேனா பிடிக்கிற காலம் போய்விட்டது, ஒரு தம்ளரைப் பிடிக்கலாம், துணியை அமுக்கிக்கொள்ளலாம். அதைச் செய்கிறவர்கள் இப்போது இங்கே யாருமில்லை, சென்னைக்குப் போகச் சொன்னார். அதற்குத்தான் இந்த வரிசை, இந்தக் கண்ணாடிப் பெட்டி.

கையை வைத்தேன். மெஷின் கீச்சென்றது. திருப்பி வைத்தேன், மறுபடி கீச். அந்தப் பெண் என் கையைத் தன் கையால் அமுக்கிப் பார்த்தாள். சயாவுக்குப் பிறகு அதை அப்படித் தயங்காமல் தொட்ட அந்நியர் அவள்தான். பிறவியிலேயே இப்படித்தான் என்று பெரிய ஆஸ்பத்திரியில் எழுதி வாங்கி வரவேண்டும் என்றாள். பையிலிருந்து சயாவின் சீட்டை எடுத்து நீட்டினேன், வழக்கம்போலப் பணிவாக. மூன்று தேதி, மூன்றின் மேலும் அப்பாவின் பென்சில் கோடு. "இது ரொம்பப் பழசு, அமா. செல்லாது" என்று மெதுவாகத் திருப்பிக் கொடுத்தாள். விரலைப் பிரிக்க ஊரை விட்டுப் போகவேண்டும், ஊரை விட்டுப் போக விரல் வேண்டும். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

அதற்குள் கரண்ட் போய்விட்டது. இருட்டிலேயே நோட்டைப் புரட்டி, "அடுத்த வாரம் வாங்க. புதன்கிழமை, பன்னிரண்டே கால்" என்றாள்.

சரி என்றேன். அந்த நேரம் வேண்டாம் என்று சொல்ல வீட்டில் இப்போது யாரும் இல்லை.