வெள்ளை வேட்டியில் வந்த குழாய்க்காரர்

சாக்கடைக் குழாயோடு மல்லுக்கட்டுகிறவருக்கு வெள்ளை வேட்டி எதற்கு? பார்த்தவுடனே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

திண்டுக்கல்லில் எங்கள் வீட்டுக்குக் கீழே, தெரு மட்டத்துக்கும் தாழ்ந்த அறையில்தான் தோல் மண்டி நடந்தது. அங்கே ஒரு கக்கூஸ் கட்டி, மாடியிலிருந்து இறங்கும் கழிவுக் குழாயோடு சேர்க்க அவரை அழைத்திருந்தேன். ஒடிசலான ஆள், காதில் பென்சில். தினமும் சலவை வேட்டியில் வந்து, கறைபடாமல் திரும்பிப் போவார். இரண்டு நாள் ரசமட்டத்தை வைத்து வைத்து வாட்டம் பார்த்ததுதான் வேலை.

மூன்றாம் நாள், "ரெண்டடி மேடை போட்டு ஒசத்தணும் பாய்" என்றார்.

"கக்கூஸுக்கு எதுக்குய்யா மேடை? வேலையை இழுக்கப் பாக்குறியா?"

"தாழ வச்சா மாடியில ஊத்துறது அம்புட்டும் இங்க பொங்கிரும்."

நான் நம்பவில்லை. ஆனாலும் அவர் மேடை போட்டுத்தான் கட்டினார். வேலை முடிந்த அன்று, மாடியில் பத்து வாளித் தண்ணீரை ஒரே மூச்சில் ஊற்றச் சொன்னார். என் மனைவியும் தங்கையும் ஊற்றினார்கள். அவரோ அதே வெள்ளை வேட்டியோடு கீழே மேடைமேல் கக்கூஸ் பீங்கானை ஒட்டிச் சம்மணமிட்டு உட்கார்ந்தார். குழாய் உறுமி அடங்கியது. வேட்டியில் ஒரு துளிகூட இல்லை.

எழுந்து இடத்தைக் காட்டினார். "இப்ப நீங்க உக்காருங்க பாய். நான் மேல போயி ஊத்துறேன்."

"எனக்கு வேலை கெடக்கு" என்றேன். அவர் சிரிக்கவில்லை. வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

இத்தனை வருஷத்தில் அங்கே ஒரு சொட்டும் பொங்கியதில்லை. வத்தலக்குண்டு வியாபாரிகள் வந்தால் அந்த மேடையைப் பெருமையாகக் காட்டுகிறேன். நான் மட்டும் இன்னமும் மாடிக் கக்கூஸுக்குத்தான் போகிறேன்.