தேவிப்ரியா கொடுத்த சின்ன சார்ஜர்

வடக்கனந்தலில் பேட்டரிக் கடை வைத்திருக்கும் தேவிப்ரியாவிடம் ஒரு பொல்லாத குணம். கேட்ட பொருளை உடனே எடுத்துக் கொடுத்துவிட மாட்டாள்.

அன்றைக்கு மாட்டியவர் மலைமேல் இருக்கும் கரியாலூர் ராஜாங்கம். அவருடைய மின்சார ஆட்டோவின் பேட்டரிகள் பழசாகி, அவற்றில் சார்ஜ் நிற்பதில்லை. "சீக்கிரம் ஏர்ற பெரிய சார்ஜரா குடும்மா," என்றார்.

அவள் ஆட்டோவின் சீட்டைத் தூக்கி பேட்டரி மூடிகளைத் திருகிப் பார்த்தாள். உள்ளே தண்ணீர் வற்றிக் கிடந்தது.

"மலை ஏறின சூட்டோட ப்ளக்கைச் சொருவுறீங்களா?"

"வூட்டுக்குப் போனதும் மொத வேலையே அதான்," என்றார் பெருமையாக.

"இன்னாண்ணே! மலையேறி மூச்சு வாங்கிக்கினு நிக்கற கெழவன் வாயில சோத்த அள்ளித் திணிப்பீங்களா? தெனமும் ஒரு மணி நேரம் ஆற வுட்டு அப்பறம் சொருவுங்க. இப்ப பேட்டரிக்குத் தண்ணி ஊத்தித் தரேன்."

பெரிய சார்ஜரை உள்ளே வைத்துவிட்டு, மெதுவாக ஏற்றி நிறைந்ததும் தானே நின்றுகொள்ளும் சின்னதை நீட்டினாள். லாபமும் அதில் கம்மிதான். ராஜாங்கம் முணுமுணுத்துக்கொண்டே வாங்கிப் போனார்.

எட்டு மாதம் கழித்து, அதே பேட்டரிகளில் ஓடும் ஆட்டோவில் வந்து இறங்கினார். கூடவே இன்னொரு ஆட்டோக்காரர்.

"இவனுக்கும் பெருசுதான் வேணுமாம். நல்லா திட்டி, சின்னதா ஒண்ணு குடும்மா."