புகை அலாரமும் சாப்பாட்டு மேசையும்

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை காலை, கோப்பி குடித்து முடிந்ததும் நான் ஒரு ஸ்ரூலைக் கொண்டுபோய் நடையில் வைத்து, அதில் ஏறி, சீலிங்கில் பூட்டியிருக்கும் வெள்ளைப் பெட்டி ஒன்றின் வயிற்றில் விரலால் அழுத்துகிறேன். அது உயிர் போவதுபோலக் கத்துகிறது. கத்தினால் எங்களுக்கு நிம்மதி, கத்தாவிட்டால்தான் கவலை. நாற்பதைத் தாண்டிய ஒரு தொந்திக்காரன் சாரம் உடுத்தபடி ஸ்ரூலில் ஏறி, சும்மா இருக்கிற வீட்டை வேண்டுமென்றே அலறவைப்பது ஊரில் இருப்பவர்களுக்கு விசர் வேலையாகத் தெரியும். டென்மார்க்கில் அது வாடகைக்கு இருப்பவனின் கடமை.

நாங்கள் புரொண்பியில், ஸ்வென் என்ற ஓய்வுபெற்ற பஸ் சாரதியின் வீட்டு மேல்மாடியில் இருக்கிறோம். மனைவி இறந்தபிறகு அவர் கீழே தனியாக இருக்கிறார். நான் குடிவந்த அன்று அந்தப் பெட்டியைத் தானே ஏணி வைத்துப் பூட்டினார். பிறகு பெட்டியையும் சீலிங்கையும் காட்டித் தன் நெஞ்சில் தட்டினார். பற்றரியையும் அழுத்துகிற பொத்தானையும் காட்டி என் நெஞ்சில் தட்டினார். அதாவது, பெட்டி பழுதானால் அவர் பாடு, பற்றரி செத்தால் என் பாடு. அப்போது எனக்குத் தடக்காமல் வந்த டேனிஷ் 'தக்' என்ற நன்றிச் சொல் மட்டுமே. என் தலையில் வேலை ஒன்றைக் கட்டிய மனிதருக்கு மூன்றுதரம் நன்றி சொல்லி அனுப்பினேன்.

வீட்டுக்காரர் என்றால் எனக்குத் தெரிந்தது வேறு மாதிரி. கொழும்பில் கிளாக்கராக இருந்த காலத்தில் வெள்ளவத்தையில் ஒரு அனெக்ஸில் இருந்தேன். மழைக்கு என் கட்டிலுக்கு மேலே ஒழுகியது. வீட்டுக்காரரிடம் போய்ச் சொன்னேன். அவர் மிகவும் மனம் வருந்தி ஒரு வாளி கொடுத்தனுப்பினார். மழை விட்டதும் வாளியைத் திரும்பக் கேட்டு ஆள் வந்தது. அவருடைய பொறுப்பு அந்த வாளியோடு முடிந்தது. கட்டிலை இழுத்து இழுத்து ஒழுகாத மூலையைக் கண்டுபிடிப்பது என் பொறுப்பு.

இப்படிப்பட்ட எனக்கு ஸ்வென் கிடைத்ததை அதிர்ஷ்டம் என்றுதான் சொல்லவேண்டும். மனைவியையும் மகளையும் யாழ்ப்பாணத்திலிருந்து கூப்பிட அனுமதி கிடைத்தும், அவர்களை வைத்திருக்க வீடு கிடைக்கவில்லை. ரெலிபோனில் என் டேனிஷைக் கேட்டதுமே எல்லா வீடுகளும் அப்போதுதான் யாருக்கோ கொடுபட்டுவிட்டிருந்தன. ஸ்வென் ஒருவர்தான் வந்து பார்க்கச் சொன்னார். அதனால் இந்த வீட்டில் நான் பூனைபோல நடந்தேன். கதவு சாத்தினாலும் சத்தம் வராமல் சாத்தினேன். ஸ்வென் முகம் சுளித்தால் நாங்கள் மூன்று பேரும் றோட்டில் நிற்கவேண்டும் என்பதை நான் ஒருநாளும் மறக்கவில்லை.

புஷ்பமும் மகள் மலரும் வந்து சேர்ந்தார்கள். இங்கே ஒவ்வொரு புதன்கிழமை மதியமும் நாடு முழுவதும் சைரன் ஊதிப் பார்ப்பார்கள், வேலை செய்கிறதா என்று. அதை முன்கூட்டியே சொல்லிவைக்க எனக்கு நினைவு வரவில்லை. முதல் புதன்கிழமை நான் வேலையால் வந்தபோது தாயும் மகளும் அப்போதும் சாப்பாட்டு மேசைக்குக் கீழே இருந்தார்கள். ஊரில் ஹெலிகொப்ரர் சுற்றத் தொடங்கினால் அவர்கள் அப்படித்தான் செய்வார்களாம். வெளியே ஓடினால் ஆமிக்காரன் மேலேயிருந்து சுடுவான், ஆனபடியால் பலமான எதற்காவது கீழே போய்க் குப்புறப் படுக்கவேண்டும். பக்கத்தில் போய்க் குந்தியிருந்து, இது சும்மா சைரன் என்று சொன்னேன். சும்மா எதற்கு ஊதுகிறார்கள் என்று புஷ்பம் கேட்டாள்.

பிறகு வந்தது தூள் வறுத்த சனிக்கிழமை. கடைத்தூளில் வைக்கிற கறி ஆஸ்பத்திரிக் கறி என்பது புஷ்பத்தின் தீர்ப்பு. கொப்பன்ஹேகனில் ஒரு பாகிஸ்தான் கடையில் செத்தல் மிளகாயும் மல்லியும் வாங்கிவந்து தாச்சியில் போட்டு வறுக்கத் தொடங்கினாள். வெளியே பனி கொட்டியதால் யன்னல்களை நான்தான் இறுக்கிப் பூட்டியிருந்தேன். செத்தல் கறுத்ததும் வீடு முழுவதும் காரம். நாங்கள் மூவரும் மூன்று சுருதியில் இருமினோம். அந்த நேரம் பார்த்து நடையிலிருந்த பெட்டி தன் வாழ்க்கையில் முதல்முறையாக உண்மையாகவே கத்தியது.

புஷ்பம் அடுப்பை நிற்பாட்டினாள். அதுவரை எல்லாம் சரி. அடுத்த கணம் ஒரு கையில் மலரையும் மறு கையில் என் சேட்டையும் பிடித்து இழுத்துக்கொண்டு மேசைக்குக் கீழே போய்விட்டாள். ஒவ்வொரு மாதமும் அந்தப் பெட்டியை அழுத்துகிறவன் நான். அது என்ன சொல்கிறதென்று தெரிந்தவன் நான். நானும் படுத்தேன். மேசை சின்னது. தலையும் தோளும் உள்ளே போயின, மிச்சப் பெரும்பகுதி டென்மார்க்குக்குத் தெரியும்படி வெளியே நின்றது.

அந்தப் பகுதியைத்தான் ஸ்வென் முதலில் கண்டிருக்கவேண்டும். இருமிக்கொண்டே படியேறி வந்தவர், குனிந்து மேசைக்குக் கீழே பார்த்தார். மலரைத் தூக்கினார், எங்களை வெளியே வெளியே என்று கத்தி விரட்டினார். தோட்டத்து அப்பிள் மரத்தடியில், பனியில், நான் சாரத்தோடு நின்றேன். பக்கத்து வீட்டு யன்னல்களில் திரைகள் அசைந்தன. ஸ்வென் உள்ளே போய் யன்னல்களைத் திறந்துவிட்டு வந்தார். முகம் சிவந்திருந்தது. பிறகு கதைப்போம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அந்தப் 'பிறகு' என்னை உலுக்கிவிட்டது. இஷொயில் இருக்கும் சிநேகிதன் அன்ரனுக்கு ரெலிபோன் எடுத்தேன். மன்னார்ப் பொடியன், ஆறுதல் சொல்வான் என்று நினைத்தேன்.

"அண்ணை, சீட்டாடி வீட்டை விட்டவங்களைக் கண்டிருக்கிறன். தூள் வறுத்து வீட்டை விட்டது நீங்கள்தான்" என்றான்.

"இன்னும் வீட்டை விட்டு எழும்பச் சொல்லேல்லை."

"சொல்லுவான். சாமானைக் கட்டுங்கோ, நான் வானோடை வாறன்."

அவன் பகிடிக்குத்தான் சொன்னான். ஆனால் புஷ்பம் உண்மையாகவே வறுத்த மிளகாயைப் பேப்பரில் சுற்றிக் குப்பைக்குள் போட்டாள். "இனி இந்த வீட்டிலை நான் தூள் வறுக்கேல்லை. பிள்ளைக்கு இருக்க ஒரு இடம் வேணும்" என்றாள். அவள் அழவில்லை. ஆனால் அன்றைக்குச் சாப்பிட்ட ஆஸ்பத்திரிக் கறி எங்கள் ஒருவருக்கும் இறங்கவில்லை.

அடுத்தநாள் ஸ்வென் வந்து அந்த மேசையிலேயே உட்கார்ந்தார். நான் மனப்பாடம் செய்து வைத்திருந்த மன்னிப்பைத் தொடங்கினேன். கையைக் காட்டி நிறுத்தினார். அவர் கேட்டது புகையைப் பற்றி அல்ல. ஏன் மேசைக்குக் கீழே போனீர்கள் என்று கேட்டார். என் டேனிஷில் ஹெலிகொப்ரர் இல்லை. விரலைத் தலைக்கு மேலே சுற்றி, வாயால் சத்தம் போட்டு, மேசையைத் தட்டிக் காட்டினேன். சினிமாக் கொமெடியன் மாதிரி இருந்திருப்பேன். ஸ்வென் சிரிக்கவில்லை. இரண்டாம் உலகச் சண்டைக் காலத்தில், தன் சின்ன வயதில், சைரன் ஊதினால் தாய் தன்னை நிலவறைக்குள் இழுத்துக்கொண்டு ஓடுவாளாம். இன்றைக்கும் புதன்கிழமை சைரனுக்குத் தன் கால் நிலவறைப் படியைத் தேடுகிறது என்றார். பிறகு சீலிங்கைக் காட்டி, ஒவ்வொரு சொல்லாக எனக்கு விளங்கும்படி சொன்னார்: "இது ஆகாயம் இல்லை. இது நெருப்பு. இதற்கு வெளியே ஓடவேண்டும்."

அதோடு வீட்டுச் சட்டத்தில் திருத்தங்கள் வந்தன. பெட்டியை நடையில் குசினி வாசலுக்கு முன்னாலிருந்து கழற்றிப் படுக்கையறைப் பக்கம் பூட்டினார், அது அவர் பாடு. தோட்டத்தில் சாமான் வைக்கும் கொட்டிலில் ஒரு கரண்ட் அடுப்பைப் பூட்டித் தந்தார், தூள் வறுக்க. என் பாட்டில் ஒன்று கூடியது: பெட்டியை அழுத்தும் ஞாயிறுகளில் குடும்பத்தோடு அப்பிள் மரம்வரை ஓடிப் பழகவேண்டும். எழும்பச் சொல்லுவார் என்று காத்திருந்த எனக்கு, ஓடச் சொன்னது பெரிய ஆறுதலாக இருந்தது.

இப்போது புஷ்பம் கொட்டிலில் வறுக்கும்போது ஸ்வென் ஒரு வாளி தண்ணீரோடு வாசலில் காவல் நிற்கிறார், மூக்கில் கைலேஞ்சியைக் கட்டிக்கொண்டு. "இஞ்சேருங்கோ, அந்த மனுசனைத் தள்ளி நிக்கச் சொல்லுங்கோ, தும்மித் தும்மியே சாகப்போகுது" என்று அவள் சொல்வாள். நான் சொல்லிப் பார்த்தேன். அவர் அசைவதில்லை. என் வாழ்க்கையில் வாளியோடு தானே வந்து நின்ற வீட்டுக்காரர் இவர் ஒருவர்தான்.

போன ஞாயிறும் அழுத்தினேன். பெட்டி கத்தியது. மலர் சப்பாத்தை மாட்டிக்கொண்டு மான்குட்டிபோலப் படியிறங்கி, மரத்தடியில் நின்று டேனிஷில் எங்களை அவசரப்படுத்தினாள். புஷ்பம் போகிற வழியில் மேசை விளிம்பை ஒருதரம் தொட்டுவிட்டுப் போனாள். நான் ஸ்ரூலால் இறங்கி வெளியே ஓடத்தான் ஓடினேன். ஆனால் முதுகு நிமிர மறுத்தது. மேசைக்குக் கீழே போகிறவனைப்போலக் குனிந்தபடியே வாசலைத் தாண்டித் தோட்டத்துக்குப் போனேன். அங்கே மரத்தடியில், கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி, ஸ்வெனும் தோள் இரண்டையும் கொஞ்சம் குறுக்கிக்கொண்டுதான் நின்றார்.